எலும்பு ஒட்டிவிட்டது, வண்டி எடுக்கலாமா?

திருநெல்வேலிப் பக்கம் கால் முறிந்து வீட்டில் கிடப்பவரைப் பார்க்க வருகிறவர்கள், ஆப்பிள் பையோடு இரண்டு கேள்விகளையும் கொண்டு வருவார்கள். "ராடா, பிளேட்டா?" என்பது முதலாவது; முறிந்த எலும்பைப் பிணைக்க உள்ளே வைத்த இரும்பைத்தான் கேட்கிறார்கள். "எப்பண்ணாச்சி வண்டி எடுக்கப் போறிய?" என்பது அடுத்தது. எப்போது நடப்பீர்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. பாப்பாக்குடியிலோ களக்காட்டிலோ இருப்பவருக்கு வயலும் கடையும் ஆஸ்பத்திரியும் நடை தூரத்தில் இல்லை. டவுன் பஸ்ஸில் ஏறலாம் என்றால், அந்த முதல் படியின் உயரம் கால் உடைந்தவருக்குத்தான் தெரியும். வாழைத்தாருக்கு விலை பேசப் போகிறவர், தவணை வசூலுக்குப் போகிறவர், பால் ஊற்றப் போகிறவர் எல்லாருக்கும் வண்டி நின்றால் வருமானமும் நிற்கிறது. அதனால் அந்தக் கேள்வியைச் சோம்பலாகவோ விளையாட்டாகவோ எடுத்துக்கொள்ள முடியாது.

பதில்தான் கோளாறு. "மூணு மாசம் கழிச்சு ஓட்டலாம்" என்பது ஊர்க்கணக்கு. டாக்டர் சொல்வது பெரும்பாலும் எலும்பைப் பற்றி. "ஒட்டிருச்சு, மெதுவா ஊன்றி நடங்க" என்பார். கதவருகே போனவர் திரும்பி நின்று "வண்டி ஓட்டலாமா சார்?" என்று கேட்டால், அடுத்த நோயாளி உள்ளே வந்துகொண்டிருக்கும்போது "பார்த்து ஓட்டுங்க" என்றுதான் பதில் வரும். பார்த்து என்றால் எதைப் பார்த்து என்பதை யாரும் விளக்குவதில்லை.

பெரும்பாலானவர்கள் தாங்களே ஒரு சோதனை செய்துகொள்கிறார்கள். சாயங்காலம் தெருவில் ஒரு ரவுண்டு போய் வருவார்கள். வலிக்கவில்லை, சரி, நாளையிலிருந்து வழக்கம்போல. இந்தச் சோதனை கிட்டத்தட்ட எல்லாருக்கும் பாஸ் போட்டுவிடும். ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் பைக்குக்குக் காலிடம் பெரிய வேலை இல்லை. இருபது, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். கால்கள் ஃபுட்ரெஸ்ட்டில் சும்மா இருக்கும். காலுக்கு வேலை வருவது வண்டி நிற்கும்போது, நிற்கப் போகும்போது, நினைக்காத இடத்தில் நின்றுவிடும்போது. ஏறுவது, இறங்குவது, ஸ்டாண்டு போடுவது, பின்னுக்கு உருட்டுவது, சரிகிற வண்டியைப் பிடிப்பது, நாய் குறுக்கே வந்தால் பிரேக்கை முழு பலத்தோடு மிதிப்பது. தெருவில் ஒரு ரவுண்டு போனால் இவற்றில் பாதிகூட வராது.

முதலில் எலும்பைப் பார்த்துவிடலாம். முறிந்த இடத்தில் முதல் சில நாள் இரத்தம் உறைந்து கட்டி நிற்கும். இரண்டு, மூன்று வாரத்தில் அதைச் சுற்றி மெல்லிய இணைப்புத் திசு உருவாகும். அப்புறம் அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகும். இதைத்தான் எக்ஸ்ரேயில் மேகம் மாதிரி காட்டி, 'கேலஸ் வந்திருக்கு' என்கிறார்கள். முன்னிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று எடுக்கும் இரண்டு படங்களிலும் சேர்த்து எலும்பின் நான்கு ஓரங்கள் தெரியும். அவற்றில் மூன்றிலாவது கேலஸ் பாலம் போட்டிருந்தால் ஒட்டியது என்று கணக்கு. அது பழைய வடிவத்துக்கும் பழைய பலத்துக்கும் வர இன்னும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும்.

எந்த எலும்பு என்பதைப் பொறுத்து காலம் மாறும். பாதத்து விரல் எலும்புகளும் கணுக்காலும் பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரம். முழங்காலுக்குக் கீழே இருக்கும் டிபியா எனப்படும் கணைக்கால் எலும்புக்கு நான்கிலிருந்து ஆறு மாதம் சாதாரணம். பைக் விபத்தில் அதிகம் அடிபடுவதும் அதுதான். அதன் முன்பக்கத்தில் சதையே கிடையாது, தோலுக்கு அடியில் நேராக எலும்பு. கீழ் மூன்றில் ஒரு பங்குக்கு இரத்த ஓட்டமும் குறைவு. தோல் கிழிந்து எலும்பு வெளியே வந்த முறிவு என்றால் இன்னும் தாமதமாகும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்றாலும் பீடி, சிகரெட் பழக்கம் இருந்தாலும் ஒட்டுவது தள்ளிப்போகும். பீடி சுற்றுவதே பிழைப்பாக இருக்கும் முக்கூடல், மேலப்பாளையம் பக்கத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் அது உண்மை. எலும்புக்குப் போகும் நுண்ணிய இரத்தக் குழாய்களை நிக்கோடின் சுருக்குகிறது.

அதனால் பெருவிரல் உடைந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதத்தில் பல்சர் ஓட்டினார் என்பது டிபியா உடைந்தவருக்குக் கணக்கே இல்லை.

ராடு, பிளேட் விஷயத்தில் ஒரு தவறான தைரியம் இருக்கிறது. "உள்ள இரும்பு இருக்குல்லா, இனி என்ன?" என்பார்கள். உள்ளே வைக்கும் ராடு, கான்கிரீட் தளம் இறுகும் வரை அடியில் நிறுத்தும் முட்டு மாதிரிதான். தளத்தின் பாரத்தை என்றைக்கும் தாங்குவதற்காக அதை வைப்பதில்லை. எலும்பு ஒட்டாமல் இழுத்துக்கொண்டே போனால், ஒவ்வொரு அடியிலும் வளைந்து நிமிர்ந்து உலோகம் களைத்து ஒருநாள் ராடு முறியும், ஸ்குரூவும் முறியும். இன்னொன்று, பிளேட் முடிகிற இடத்தில் இரும்பின் விறைப்பும் எலும்பின் நெகிழ்வும் சந்திக்கின்றன. இரண்டாவது முறை விழுந்தால் பல நேரம் அந்த விளிம்பில்தான் உடையும். ஏற்கெனவே ஸ்குரூ இருக்கும் எலும்பில் புதிய முறிவைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடச் சிக்கலானது. ராடு வைத்தால் சீக்கிரம் ஊன்றி நடக்கலாம் என்பது சரிதான். ஆனால் சீக்கிரம் நடக்கலாம் என்பதும் சீக்கிரம் விழலாம் என்பதும் ஒன்றல்ல.

எலும்பைவிட மெதுவாகத் திரும்பி வருவது சதையும் மூட்டும். படுத்துக் கிடந்த சில வாரங்களிலேயே தொடையின் முன்சதை கண்ணுக்குத் தெரியும்படி இளைத்துவிடும். இரண்டு தொடையையும் டேப் வைத்து அளந்தால் வித்தியாசம் புரியும். கணுக்கால் விறைத்துப்போய் பாதத்தை மேலே தூக்க வராது. அதோடு கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமலேயே மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்கியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பார்த்தால் இது தெரியும். பைக்கில் போகும்போது யாரும் குனிந்து பிரேக் பெடலைத் தேடுவதில்லை, கால் தானாகப் போக வேண்டும். அது அரை அங்குலம் தள்ளிப் போனால் மிதிப்பது ஃபுட்ரெஸ்ட்டாக இருக்கும்.

தழும்பைச் சுற்றி மரத்துப் போயிருப்பதும் சகஜம். வலது கெண்டைக்கால் மரத்திருப்பவர் சைலன்சரில் கால் ஒட்டிக்கொண்டிருப்பதை வாடை வந்த பிறகுதான் உணர்வார். சின்ன விஷயம் என்று தோன்றும். ஆனால் பிளேட் வைத்த இடத்துத் தோலில் தீக்காயம் பட்டுச் சீழ் பிடித்தால் அது உள்ளே இரும்பு வரை போகலாம்.

இனி எந்தக் கால் என்ற கேள்வி. விசாரிக்க வருகிறவர்கள் கேட்காத, ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். நம் வண்டிகளில் இரண்டு காலுக்கும் ஒரே வேலை இல்லை.

இடது கால் என்றால் கியர் மாற்றுவது மட்டும்தான் சிரமம் என்று நினைக்கிறோம். உண்மையில் கியர் அதன் சின்ன வேலை. நாம் பைக்கில் ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கமாக. வலது காலைத் தூக்கி சீட்டுக்கு மேலே சுழற்றும் அந்த ஒன்றிரண்டு விநாடியும் உடம்பின் முழு எடையும் இடது காலில் நிற்கிறது; நிற்பதோடு முட்டியில் ஒரு திருகலும் விழுகிறது. முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை செய்தவர்களுக்கு மருத்துவர்கள் கூடவே கூடாது என்று சொல்லும் அசைவு இந்தத் திருகல்தான். நேராக நடக்கும்போது ஒரு தொந்தரவும் தராத முட்டி, ஊன்றிய காலில் உடம்பு திரும்பும்போது நழுவும். சைடு ஸ்டாண்டைத் தள்ளுவதும் இடது கால்தான். சென்டர் ஸ்டாண்டு போட வலது காலால் மிதிக்கும்போது தரையில் தாங்கி நிற்பதும் அதே இடது கால்தான்.

அதோடு நாம் இடப்பக்கம் போகிற நாடு. தண்ணீர் வடிவதற்காகச் சாலை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிவாக இருக்கும். நிற்கும்போது வண்டி இயல்பாகவே இடது பக்கம் சாயும், நாமும் பழக்கத்தில் இடது காலைத்தான் ஊன்றுவோம். ஊர்ச் சாலைகளில் இது இன்னும் மோசம். ஆலங்குளத்திலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ பிரியும் கிளைச் சாலைகளில் எதிரே பஸ் வந்தால் தார் விளிம்புக்கு ஒதுங்க வேண்டும். அங்கே தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் அரை அடி வரைகூடப் பள்ளம் இருக்கும். இடது காலை ஊன்றினால் தரை நினைத்த இடத்தில் இருக்காது. நல்ல கால் என்றால் ஒரு குலுக்கல், அவ்வளவுதான். விறைத்த கணுக்கால் அந்தப் பள்ளத்துக்கு வளைந்து கொடுக்காது. வண்டியோடு சாய வேண்டியதுதான்.

வலது கால் என்றால் பிரச்சினை வேறு. ஏறும்போது அந்தக் காலை உயரத் தூக்க வேண்டும். இடுப்பும் தொடையும் அடிபட்டவர்களுக்கு அதுவே ஆகாது. கிக்கர் உதைப்பது வலது கால். இன்ஜின் திருப்பி அடித்தால் அந்த அதிர்ச்சி பாதத்திலிருந்து நேராக டிபியாவுக்குள் போகும். பாட்டரி சரியாக இருக்கிறதா, செல்ஃப் எடுக்கிறதா என்று பார்க்காமல் வெளியே கிளம்பக் கூடாது என்பது இதனால்தான். வழியில் ஆஃப் ஆகி நின்றால் ஒதைத்துக் கொடுக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

பின் பிரேக்தான் பெரிய விஷயம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 14 மீட்டர் போய்விடும். கால் அரை விநாடி தாமதித்தால் ஏழு மீட்டர், அதாவது ஒரு லாரியின் நீளம். கணுக்கால் முறிந்து அறுவை செய்துகொண்டவர்களைக் கார் சிமுலேட்டரில் உட்காரவைத்து அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆய்வு 2003இல் வெளியானது. பிரேக் மிதிக்க அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் இயல்பு நிலைக்குத் திரும்ப ஒன்பது வாரம் ஆகியிருந்தது. அதைவிடப் பெரிய முறிவுகளைப் பற்றிப் பிறகு வந்த ஆய்வு, காலை ஊன்றத் தொடங்கியதிலிருந்து ஆறு வாரம் வரை பிரேக் மிதிப்பது தாமதமாகவே இருந்தது என்று காட்டியது. கவனிக்க வேண்டியது கணக்கு தொடங்கும் இடம். அடிபட்ட நாளிலிருந்து இல்லை, ஊன்றத் தொடங்கிய நாளிலிருந்து. மேலும் அவர்கள் காரில் உட்கார்ந்திருந்தவர்கள். பிரேக் போட்ட பிறகு காலை ஊன்றி வண்டியைத் தாங்க வேண்டிய கவலை அவர்களுக்கு இல்லை.

பைக்கை நிறுத்தும் விசையில் பெரும்பங்கு முன் பிரேக்கிலிருந்துதான் வருகிறது என்பது இயற்பியல். பிரேக் போட்டதும் எடை முன்னால் பாய்கிறது, முன் டயர் தரையை அழுத்திப் பிடிக்கிறது. ஆனால் நம்மூரில் முன் பிரேக் என்றாலே ஒரு பயம். 'முன் பிரேக்கைப் பிடிச்சா தூக்கி அடிச்சிரும்' என்று சொல்லியே பையன்களுக்கு வண்டி பழக்குகிறோம். அதன் விளைவு, முப்பது வருடம் ஓட்டியவருக்குக்கூட அவசரத்தில் வலது கால்தான் பிரேக். அந்தக் கால் உடைந்தால் பிரேக்கே உடைந்த மாதிரி. 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் புது வண்டிகளில், 125 சிசி வரை இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்போ, சக்கரம் இறுகி நின்று வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸோ இருக்க வேண்டும், அதற்கு மேல் ஏபிஎஸ் கட்டாயம். இது உதவும். ஆனால் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு பைக்குகளில் பெரும்பாலும் கால் பெடலோடு இணைந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. மெதுவாக மிதித்தால் இரண்டும் மெதுவாகத்தான் பிடிக்கும். வலது கால் அடிபட்டவர், வண்டி எடுப்பதற்கு முன்பே, ஆள் இல்லாத இடத்தில் கை பிரேக்கைப் படிப்படியாக அழுத்திப் பழகிக்கொள்வது பெரிய பாதுகாப்பு.

ஏற்றத்தில் நிற்பது இரண்டு காலுக்கும் சேர்த்து வைக்கும் பரீட்சை. ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்து ஏற்றத்தில் நெரிசலில் நின்று கிளம்புவதை யோசித்துப் பாருங்கள். இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில், இடது கை கிளட்ச்சில், வலது கை ஆக்சிலேட்டரில். வலது கால் பலமில்லை என்றால் அதே வலது கையால் முன் பிரேக்கையும் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரையும் திருக வேண்டும். இடது கால் பலமில்லை என்று வலது காலை ஊன்றினால் பின் பிரேக் போய்விட்டது. எப்படிப் பார்த்தாலும் ஒரு கை குறைகிறது. கொஞ்ச நாளைக்கு வண்ணார்பேட்டை வழியாகச் சுற்றிப் போகலாமா என்று யோசிப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

வண்டிக்கு வண்டி வித்தியாசம் இருக்கிறது, அதுவும் எதிர்பார்க்காத வகையில். ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டியில் கியர் லிவருக்கு முன்னும் பின்னும் மிதி உண்டு. முன்னால் அழுத்தினால் கியர் ஏறும், குதிகாலால் பின்னால் அழுத்தினால் இறங்கும். பாதத்தைத் தூக்கவே தேவையில்லை. ஐந்து கியர் வண்டிகளில் பெரும்பாலும் ஒன்று கீழே, மீதி மேலே. லிவருக்கு அடியில் நுனிக்காலை நுழைத்துத் தூக்க வேண்டும். முட்டிக்குக் கொஞ்சம் கீழே வெளிப்புறமாக, எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு அடிபட்டால் பாதம் தொங்கிப் போகும், தூக்க வராது. அப்படிப்பட்டவருக்குப் பின்னது சாத்தியமே இல்லை, முன்னது ஓரளவு முடியும். பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இது தலைகீழ்: கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். அவர்கள் கியர், பிரேக் பற்றி மேலே சொன்னதை மட்டும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும். அதோடு புல்லட் 350 எடை 190 கிலோவுக்கு அப்பால். ஸ்ப்ளெண்டர் சுமார் 112. டிவிஎஸ் எக்ஸ்எல் 100 தொண்ணூறுக்குள். நேராக நிற்கும் வண்டியின் பாரம் காலுக்கு வருவதே இல்லை. சாயச் சாயத்தான் கூடும், ஓர் அளவுக்கு மேல் சாய்ந்தால் நல்ல காலும் தாங்காது. கனமான வண்டியில் அந்த அளவு சீக்கிரம் வந்துவிடும்.

"அப்ப ஸ்கூட்டர் எடுத்துட்டா போச்சு" என்பது அடுத்த யோசனை. பாதி சரி. காலைச் சுழற்ற வேண்டாம், கியர் இல்லை, இரண்டு பிரேக்கும் கையில். மீதிப் பாதியை விட்டுவிடுகிறார்கள். சக்கரம் சின்னது, குழியில் குலுக்கல் அதிகம். கால் வைக்கும் தளம் அகலமாக இருப்பதால் ஊன்றும்போது காலை வெளியே விரித்து வைக்க வேண்டும். குட்டையானவருக்கு நுனிக்கால்தான் எட்டும். விரித்த காலில் நுனியில் நிற்பதைவிட, ஒடுக்கமான பைக்கில் உள்ளங்கால் முழுதும் பதிய நிற்பது பலமானது. நான் எடை, உயரம் இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எக்ஸ்எல்லுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். பார்க்க கௌரவமில்லை என்று பையன்கள் முகம் சுளிப்பார்கள்; சுளிக்கட்டும். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து பின்னுக்கு எடுப்பதும் கால்வேலைதான், யாரும் கணக்கில் வைப்பதில்லை. டவுன் ரதவீதிக் கடைகளுக்கு முன்னால் நெருக்கமாக நிறுத்தியிருக்கும் வண்டிகளுக்கு இடையிலிருந்து உட்கார்ந்தபடியே தள்ளி எடுப்பது முழுக்க முழுக்கக் குதிகாலின் பலம். சில மின்சார ஸ்கூட்டர்களில் ரிவர்ஸ் வசதி இருக்கிறது. கால் உடைந்தவருக்கு அது விளம்பர வித்தை இல்லை.

இந்த மண்ணுக்கென்றே சில இடைஞ்சல்கள் உண்டு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று. பணகுடியைத் தாண்டிக் காவல்கிணறு நோக்கித் தெற்கே போகும்போது அது வலப்பக்கமாக அடித்து வண்டியை இடது பக்கம் தள்ளும். ஓட்டும்போது சாய்த்துச் சமாளிக்கலாம். நின்றுவிட்டால் அந்தத் தள்ளல் முழுதும் இடது காலுக்குத்தான். திரும்பி வடக்கே வரும்போது வலது காலுக்கு. அந்தப் பக்கம் காற்றாலைகள் அத்தனை நிற்பதற்குக் காரணமான காற்று அது, லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாசி, பங்குனியில் பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்தால் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் பாதிச் சாலை நெல் காய்கிற களமாகிவிடும். நெல் மேல் ஊன்றிய கால் வழுக்கும், டயரும் வழுக்கும். கிடை மாறும் ஆட்டு மந்தைக்காக நிற்பது, கோயில் கொடைக்குச் சாலையை மறித்துப் பந்தல் போட்டிருக்க மண்ணில் இறங்கிச் சுற்றிப் போவது, இவையெல்லாம் ஒரே பயணத்தில் பத்து முறை ஊன்ற வைக்கும். நாற்கரச் சாலையில் வேகம் அதிகம், ஆனால் ஊன்றுவது குறைவு. ஊர்ச் சாலையில் வேகம் குறைவு, ஊன்றுவது அதிகம். ஆறி வரும் காலுக்கு எது ஆபத்து என்றால், விழுந்தால் முன்னது, விழ வைப்பதற்குப் பின்னது.

பின்னால் உட்கார்ந்து போவது பாதுகாப்பு என்ற எண்ணமும் அப்படியே ஏற்க முடியாதது. பின்னால் ஏறுவதற்கும் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். காலைத் தொங்கவிட்டு நெடுந்தூரம் போனால் வீங்கும். ஒருபக்கமாக உட்காரும் பெண்களுக்கு இரண்டு காலும் இடப்பக்கம், அந்தப் பக்கமாக உரசிப் போகும் வண்டிக்கு முதலில் அகப்படுவது அதுதான். ஊன்றவே கூடாது என்று சொல்லப்பட்ட நாட்களில் ஆட்டோ ஒன்றுதான் வழி. செலவுதான், என்ன செய்வது.

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. டிரமடால், பிரிகாபலின் போன்ற வலி, நரம்பு மாத்திரைகள் தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும் தரும். அவற்றைச் சாப்பிடுகிற வரை வண்டி ஓட்டும் பேச்சே வேண்டாம். மாத்திரை போட்டால்தான் ஓட்ட முடிகிறது என்றால் அந்தக் கால் இன்னும் தயாராகவில்லை என்றே அர்த்தம். சாயங்காலம் கணுக்கால் கொஞ்சம் வீங்குவது பல மாதம் இருக்கும். படுத்துக்கொண்டு காலை நெஞ்சைவிட உயரமாக வைத்தால் வடியும். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாக, அழுத்தினால் வலித்தால் அது வேறு: இரத்தக் குழாய்க்குள் இரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். மூச்சு வாங்குவதும் சேர்ந்தால் 108ஐக் கூப்பிட வேண்டும், எண்ணெய் தேய்க்கக் கூடாது.

எண்ணெய் என்றதும் கட்டு வைத்தியம் ஞாபகம் வரும். பாளையங்கோட்டையில் 1964இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் இது. முறிவெண்ணெயும் பிரண்டையும் இங்கே வீட்டுச் சொத்து. விலகாத, தோல் கிழியாத எளிய முறிவு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாலும் ஒட்டத்தான் செய்யும். எலும்பு ஒட்டுவது உடம்பின் வேலை. இறுக்கிக் கட்டி இரத்த ஓட்டம் நின்றுபோவது ஒரு ஆபத்து. இன்னொன்று, எக்ஸ்ரே இல்லாமல் ஒட்டியதா, நேராக ஒட்டியதா என்று யாருக்கும் தெரியாது. கோணலாக ஒட்டிய கால் பெடலுக்குச் சரியாகப் போகாது. உளுந்தங்களி, ஆட்டுக்கால் சூப்பு எல்லாம் நல்லதுதான், உளுந்தில் புரதம் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர் களியில் கருப்பட்டியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எந்தக் களியும் ஆறு மாத எலும்பை மூன்று மாதத்தில் ஒட்ட வைக்காது.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் வண்டியே வேண்டாம். அடிபட்ட காலில் மட்டும் அரை நிமிடம் பிடிக்காமல் நிற்க முடிகிறதா? அந்த ஒற்றைக் காலில் குதிகாலைப் பத்து முறை உயர்த்தி இறக்க முடிகிறதா? படியில் இறங்கும்போது முட்டி ஆடாமல் இருக்கிறதா? நாலு எட்டு ஓட முடிகிறதா? இதில் எது முடியவில்லையோ அதற்குத்தான் பிசியோதெரபி. நம்மவர்கள் அறுவைக்கு லட்சம் செலவழித்துவிட்டு பிசியோவை இரண்டு தடவையோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் வண்டி ஓட்டுவதை ஒரு மாதம் முன்னே கொண்டுவருவதும் ஒரு மாதம் பின்னே தள்ளுவதும் அந்தப் பயிற்சிதான். நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் முட்டிக்கும் கணுக்காலுக்கும் ஒருசேர நல்லது. கட்டு பிரித்து புண் முழுதும் ஆறியவருக்கு இடுப்பளவுத் தண்ணீரில் நடப்பதும் நல்லது. அதற்காகக் குற்றாலத்து வழுக்குப் பாறையில் போய் நிற்கக் கூடாது.

இவை முடிந்த பிறகு முற்றத்தில் வண்டி, இன்ஜின் ஆஃப். எதிரே ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். உட்கார்ந்து இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்த்து, ஊன்றி, நிமிர்த்த வேண்டும். அவரைச் சொல்லாமல் லேசாகத் தள்ளச் சொல்லலாம். சொல்லாமல் என்பதுதான் முக்கியம், சாலையும் சொல்லிவிட்டுத் தள்ளுவதில்லை. பிரேக் பெடலை, எழுந்து நிற்கிற பலத்தோடு சட்டென்று மிதித்துப் பார்க்க வேண்டும். வலி நினைவு வந்து கால் பாதியில் தயங்கினால் இன்னும் நாள் இருக்கிறது. அடுத்தது செருப்பு. வீங்கிய காலில் ஷூ நுழையவில்லை என்று ரப்பர் செருப்போடு கிளம்புகிறவர்கள்தான் அதிகம். பின்பட்டை இல்லாத செருப்பு ஊன்றும் நொடியில் கழன்றுவிடும். ஷூ நுழைகிற அளவுக்கு வீக்கம் வடிவதையே ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 186ஆம் பிரிவு, தன் ஓட்டுதல் மற்றவர்களுக்கு ஆபத்தாகும் அளவுக்கு நோயோ உடல் குறையோ இருப்பது தெரிந்தே ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறை ஆயிரம் ரூபாய் வரை, அடுத்த முறை இரண்டாயிரம் வரை அபராதம். மாவுக்கட்டோடு ஓட்டிப் போகிறவரைச் சோதனைச் சாவடியில் பிடித்து இந்தப் பிரிவைப் போடுவது அபூர்வம். ஆனால் இன்னொரு விபத்து நடந்து இழப்பீட்டு வழக்கு வந்தால், உங்கள் பக்கமும் தவறு இருக்கிறது என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிட அந்தக் கட்டு போதும்.

கால் பழைய நிலைக்கு வரவே வராது என்று தெரிந்துவிட்டவர்களுக்கு, பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் இருக்கிறது. அதை ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவிலும் லைசென்சிலும் மாற்றிக்கொள்ள வேண்டும். கால் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு அத்தகைய வண்டியை அரசே வழங்கும் திட்டமும் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். தற்காலிகமாக அடிபட்டவர்கள் பட்டறையில் பக்கச் சக்கரம் மாட்டிக்கொள்வது சரிப்படாது. பக்கச் சக்கரம் வைத்த வண்டி சாயாது. சாயாத வண்டியை வளைவில் திருப்பும் முறையே வேறு, அதைப் பழகுவதற்குள் கால் ஆறிவிடும்.

கடைசியாக, உள்ளே இருக்கும் இரும்பு. பலருக்கு அது அப்படியே இருந்துவிடலாம். தொந்தரவு தந்தால், அல்லது வயது குறைவு என்றால், பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடம் கழித்து எடுப்பார்கள். எடுத்த மறுநாளே நடக்க விடுவார்கள். அதனால் பழையபடி வண்டியும் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஸ்குரூ இருந்த ஓட்டைகள் நிரம்பும் வரை அந்த எலும்பு அந்த இடங்களில் பலவீனமானது. இத்தனை நாள் பாரத்தைப் பகிர்ந்துகொண்ட பிளேட்டும் இப்போது இல்லை. அந்தச் சில வாரங்களுக்கும் எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் சொல்கிற வரை பைக் திண்ணையோரத்தில் நிற்பதுதான் சரி. பாட்டரி இறங்கிவிடாமல் வீட்டில் யாரையாவது வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் போடச் சொன்னால் போதும்.